எதைக் கணக்கிடுவது, எதை விடுவது?
போர்ச் சிமுலேஷன் விளையாட்டுகளும் கணினியின் எல்லைகளும்

(பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினித் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ராணுவச் சிமுலேஷன் விளையாட்டுகள். விளையாடுகிறவர்கள் இவற்றைச் சுருக்கமாக 'மில்சிம்' என்பார்கள். ஓடு, சுடு, செத்தால் உடனே எழுந்து மறுபடி சுடு என்று போகும் விளையாட்டுகள் வேறு. இங்கே ஒரே தோட்டாவில் கதை முடிந்துவிடலாம். எதிரி இருக்கும் இடத்தை அடைய அரைமணி நேரம் காட்டுக்குள் நடக்க வேண்டியிருக்கும். டி.சி.எஸ். என்ற விளையாட்டில் ஏ-10சி விமானத்தைக் கிளப்ப வேண்டுமானால், 600 பக்கங்களுக்கு மேல் நீளும் கையேட்டைப் புரட்டியாக வேண்டும். விளையாட்டில் வரும் அந்த விமானம் அமெரிக்க வான்காவல் படைக்காக ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் செய்த பயிற்சி மென்பொருளிலிருந்து பிறந்தது.

இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது? என்ன கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஓடும்? இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகவே கேட்கிறோம். இரண்டும் ஒரே கேள்வி என்று காட்டுவதுதான் என் நோக்கம். உலகத்தின் எந்தக் கணினியாலும் ஒரு போர்க்களத்தை முழுமையாகக் கணக்கிட முடியாது. ஆகவே எதைக் கணக்கிடுவது, எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவின் தரம்தான் ஒரு சிமுலேஷனின் தரம்.

டாங்கிகளை இணைத்த வலை

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1983-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா, 'சிம்நெட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜாக் தார்ப் என்ற விமானப்படை அதிகாரி அதன் மூளையாக இருந்தார். அதற்கு முன்பும் சிமுலேட்டர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்து நின்றது. விலையும் எட்டாத உயரம். தார்ப் கேட்டது வேறு. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் டாங்கிக் குழுக்கள் ஒரே போர்க்களத்தில், ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். ஒரு குழு பிந்தினால் அதன் விலையைப் பக்கத்துக் குழு கொடுக்க வேண்டும். போரில் அப்படித்தானே நடக்கிறது?

அன்றைய கணினிகளுக்கு இது மலையளவு சுமை. அவர்கள் எடுத்த முடிவைக் கவனியுங்கள். டாங்கிக்குள் இருக்கும் வீரர் முடிவெடுக்க எது தேவையோ, அதை மட்டும் சரியாகச் செய்வது. அவர் தொடாத பொத்தான்களையும் பெட்டிகளையும் வெறும் படமாக வரைந்து ஒட்டிவிடுவது. திரையில் தெரிந்த மரமும் குன்றும் இன்றைய கைப்பேசி விளையாட்டைவிட எளிமையானவை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் வியர்த்தார்கள், கத்தினார்கள், ஒருவரையொருவர் திட்டினார்கள். குழுவாகப் போரிடக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கல் வலையமைப்பு. ஒவ்வொரு டாங்கியும் தன் இருப்பிடத்தை நொடிக்குப் பலமுறை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தால் இணைப்பு திணறிப்போகும். ஆகவே ஒவ்வொரு கணினியும், மற்ற டாங்கிகள் கடைசியாகச் சொன்ன திசையில், சொன்ன வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டு தானே ஊகித்து வரைந்தது. தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன ஊகித்திருப்பார்கள் என்பதையும் ஒவ்வொரு டாங்கியும் கூடவே கணக்கிட்டது. ஊகமும் உண்மையும் ஓர் எல்லைக்கு மேல் விலகினால்தான் புதிய செய்தி போகும். நீங்கள் மல்டிபிளேயர் விளையாடும்போது, இணைப்பு சற்றே தடுமாறினாலும் எதிரி நேராக ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் இங்கே இருக்கிறது.

1991 பிப்ரவரி 26 அன்று ஈராக்கின் பாலைவனத்தில் '73 ஈஸ்டிங்' என்ற இடத்தில் பெரிய டாங்கிச் சண்டை நடந்தது. போர் முடிந்தபின் அதில் பங்கெடுத்தவர்களிடம் விவரம் கேட்டு, களத்தில் கிடைத்த தடயங்களைச் சேர்த்து, அந்தச் சண்டையைச் சிமுலேஷனுக்குள் அப்படியே மீட்டெடுத்தார்கள். எந்தக் கோணத்திலிருந்தும் அதைத் திரும்பப் பார்க்க முடிந்தது. இதைச் சாத்தியமாக்கியது படத்தின் அழகு அன்று. எந்த வண்டி, எந்த நேரத்தில், எங்கே நின்றது என்ற கணக்கின் துல்லியம்.

வீட்டுக் கணினிக்கு வந்த போர்

1998-இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 'ஃபால்கன் 4.0' என்ற விளையாட்டை வெளியிட்டது. எஃப்-16 விமானத்தில் நீங்கள் பறக்கிறீர்கள்; கீழே கொரியத் தீபகற்பம் முழுவதும் போர் நடக்கிறது. ஆயிரக்கணக்கான படைப்பிரிவுகள் நகர்கின்றன. அன்றைய வீட்டுக் கணினியின் பிராசஸர் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான். எப்படி முடிந்தது? உங்கள் விமானத்தைச் சுற்றி ஒரு குமிழி. குமிழிக்குள் வருகிற ஒவ்வொரு டாங்கியும் ஒவ்வொரு விமானமும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். குமிழிக்கு வெளியே, ஒரு படைப்பிரிவு முழுவதும் ஓர் எண். மோதலின் முடிவைப் புள்ளிக் கணக்கு தீர்மானிக்கும். நீங்கள் போகாத இடத்திலும் போர் நின்றுவிடுவதில்லை. சுருங்கிய வடிவில் நடக்கிறது. இன்றும் ஆர்வலர்கள் அந்த விளையாட்டை 'பி.எம்.எஸ்.' என்ற வடிவில் வளர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கின் அடித்தளம் சரியாக அமைந்தால் அது கால் நூற்றாண்டு தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2001-இல் செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' விளையாட்டைக் கொண்டுவந்தது. காலம் 1985, பனிப்போர், கற்பனைத் தீவுகள். விளையாடுகிறவர் சாதாரணக் காலாட்படை வீரர். அவரைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் திறந்த நிலம். அதில் நடக்கலாம், ஜீப் ஓட்டலாம், ஹெலிகாப்டரில் ஏறலாம். அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து எதிரிப் படை தானாக முடிவெடுக்கும். அன்றைய பிற விளையாட்டுகளோடு வைத்துப் பார்த்தால் முகங்கள் கரடுமுரடு, அசைவுகள் விறைப்பு. ஆனால் படைகளே அதைத் தேடி வந்தன. அதே அடித்தளத்தில் 'வி.பி.எஸ்.' என்ற பயிற்சி மென்பொருள் உருவானது. அமெரிக்க மரைன் படை, ஆஸ்திரேலியப் படை, பிரிட்டிஷ் படை என்று பலரும் பயன்படுத்தினார்கள். அதை வளர்த்த தனி நிறுவனத்தை 2022-இல் பி.ஏ.ஈ. சிஸ்டம்ஸ் என்ற ஆயுத நிறுவனமே வாங்கிக்கொண்டது.

ஃப்ளாஷ்பாயின்டின் வழித்தோன்றல்தான் 'ஆர்மா' வரிசை. 2013-இல் வந்த ஆர்மா 3-இன் களமான அல்டிஸ் தீவு சுமார் 270 சதுர கிலோமீட்டர். கிரேக்க நாட்டின் லெம்னோஸ் தீவை முன்மாதிரியாக வைத்துச் செய்தது. உண்மைத் தீவு சுமார் 477 சதுர கிலோமீட்டர். அதாவது நிலத்தைக்கூடச் சுருக்கித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. பொஹீமியா நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் 2012-இல் லெம்னோஸ் சென்றபோது ராணுவ இடங்களைப் படமெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார்கள். மாதக்கணக்கில் சிறையில் இருந்து, 2013 ஜனவரியில்தான் ஜாமீனில் வந்தார்கள். விளையாட்டில் அந்தத் தீவின் பெயர் அதன்பின் அல்டிஸ் என்று மாறியது.

இந்தக் கிளையில் உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கனியும் உண்டு. ஆர்மா 2-க்கு டீன் ஹால் 2012-இல் செய்த மோட், அதாவது விளையாட்டின் மேல் சேர்க்கும் மாற்றம், 'டே-ஸீ'. அதன் மேல் பிரெண்டன் கிரீன் கட்டியது 'பேட்டில் ராயல்' மோட். அவரே பின்னர் உருவாக்கியது 2017-இல் வந்த பப்ஜி. 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்யும்வரை நம் ஊர்த் திண்ணைகளில் பிள்ளைகள் கூடி ஆடினார்களே, பப்ஜியின் அந்தக் கைப்பேசி வடிவத்தின் பூர்வீகம் ஒரு செக் நாட்டுப் போர்ச் சிமுலேஷன். ஒரு கைப்பேசிக்குள் அது எப்படி அடங்கியது? அங்கே உங்கள் எதிரிக்கு மூளையாக இருப்பவர் பல சமயம் இன்னொரு மனிதர். அவருக்காகக் கணினி யோசிக்க வேண்டியதில்லை.

16 மில்லிநொடிக்குள் என்ன நடக்கிறது?

இப்போது உங்கள் பாடத்துக்கு வருகிறேன். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 30 ஃபிரேம் போதுமென்றால் 33 மில்லிநொடி. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பல விளையாட்டுகளில் நீங்கள் விசையை அழுத்திய கணமே, நேர்கோட்டில் யார் இருக்கிறார் என்று பார்த்து அடிபட்டதாக அறிவித்துவிடுவார்கள். ஆர்மாவில் தோட்டா ஒரு பொருள். நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, காற்று தடுக்கிறது, புவியீர்ப்பு இழுக்கிறது. 400 மீட்டர் தாண்ட அரை நொடிக்கும் சற்று அதிகமாகிறது. சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஆகவே தோட்டா முதலில் வந்து மண்ணைக் கிளப்பும். வெடியோசை பிறகு கேட்கும். 'ஏ.சி.இ.' என்ற மோட் போட்டால் காற்றின் திசை, வெப்பநிலை, காற்றழுத்தம், ஏன், பூமியின் சுழற்சிகூடத் தோட்டாவின் பாதையில் சேர்ந்துகொள்ளும்.

தோட்டாவையாவது சமாளித்துவிடலாம். பெரிய செலவு வீரர்களின் மூளை. ஒரு பக்கம் 100 பேர், மறுபக்கம் 100 பேர் என்று வையுங்கள். யார் கண்ணுக்கு யார் தெரிகிறார் என்று பார்க்க 10,000 இணைகள். இரு திசையிலும் பார்த்தால் 20,000. ஒவ்வொன்றிலும் நடுவே குன்று இருக்கிறதா, சுவர் இருக்கிறதா, புதர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதை ஒரே ஃபிரேமில் முடிக்க முடியாது. பல ஃபிரேம்களுக்குப் பங்கிட்டுச் செய்கிறார்கள். ஆர்மாவில் ஒரு வீரர் எதிரியைப் பற்றி எவ்வளவு அறிவார் என்பது 0 முதல் 4 வரை ஓர் எண்ணாக இருக்கிறது. பார்த்தால் ஏறும், நேரம் போகப் போக இறங்கும். மனித நினைவு ஒரே எண்ணாகச் சுருங்குகிறது. அப்படிச் சுருக்கியதால்தான் நூறு பேரை உள்ளே கொண்டுவர முடிகிறது.

அடுத்தது பார்வைத் தூரம். சுற்றிலும் 3 கிலோமீட்டர் தூரம் வரை பார்க்க நினைத்தால் சுமார் 28 சதுர கிலோமீட்டர் நிலம் கண்ணில் விழும். 6 ஆக்கினால் 113. 12 ஆக்கினால் 450-ஐத் தாண்டும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வேலை நான்கு மடங்கு. தரையில் ஊர்கிற வீரருக்கு 1 கிலோமீட்டர் போதும். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவருக்கு அது போதாது. இருவரும் ஒரே களத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

மாணவர்கள் பலர் கவனிக்காத ஒன்று, எண்ணின் துல்லியம். 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் ஓர் இடத்தைக் குறித்தால், மையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு படி சுமார் 2 மில்லிமீட்டர். பொறுத்துக்கொள்ளலாம். விமானச் சிமுலேஷனில் 300 கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒரு படி 3 சென்டிமீட்டர். விமானி அறையின் கருவிகள் கண்முன் நடுங்கத் தொடங்கிவிடும். ஆகவே விளையாடுபவரை மையமாக வைத்து உலகத்தையே நகர்த்துவது, அல்லது 64 பிட் எண்ணுக்கு மாறுவது என்று வழி தேட வேண்டியிருக்கிறது. பெரிய நிலம் என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். அதன் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் நிற்கின்றன.

விலை உயர்ந்த கார்டு வாங்கியும் ஏன் திணறுகிறது?

எத்தனையோ இளைஞர்கள் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறார்கள். ஆர்மா 3-ஐப் போடுகிறார்கள். பெரிய சண்டையில் ஃபிரேம் 25-க்கு இறங்குகிறது. கார்டோ பாதி நேரம் சும்மா இருக்கிறது. காரணம், வரைவதற்கு முன் உலகத்தின் நிலையை முடிவு செய்ய வேண்டியது பிராசஸர். அது முடிவு செய்யும்வரை கார்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, பிராசஸரில் எட்டு கோர் இருக்கிறதே என்பீர்கள். ஆர்மாவின் எஞ்சினுக்கு வேர் 1990-களின் பிற்பகுதியில் இருக்கிறது. அன்று ஆண்டுதோறும் கடிகார வேகம் ஏறிக்கொண்டிருந்தது. இன்று மெதுவாக ஓடுவது இரண்டு ஆண்டில் வேகமாக ஓடும் என்று நம்பி எழுதினார்கள். அந்த நம்பிக்கை 2004-இல் உடைந்தது. வெப்பத்தைத் தாங்க முடியாமல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அதன்பின் வேகத்துக்குப் பதில் கோர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் போர்க்களத்தின் கணக்கு எளிதில் பிரியாது. தோட்டா சுவரைத் துளைத்ததா என்று தெரிந்தபின்தான் வீரர் விழுந்தாரா என்பது தெரியும். அவர் விழுந்தபின்தான் பக்கத்தில் இருப்பவர் பதுங்குவார். ஒன்றின் விடை மற்றொன்றின் கேள்வி. ஜீன் அம்டால் 1967-இலேயே சொன்னது இதைத்தான்: வேலையில் பாதி வரிசையாகத்தான் நடக்க முடியும் என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

நினைவகத்தின் தூரமும் ஒரு தடை. ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலை ரேமில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்துவரப் பிராசஸர் காத்திருக்கிறது. 2022-இல் வந்த ஏ.எம்.டி. 5800எக்ஸ்3டி-யின் கடிகார வேகம் அதற்கு முந்தைய 5800எக்ஸை விடக் குறைவு. ஆனால் சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகமான எல்3 கேச் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆனது. சிமுலேஷன் விளையாட்டுகளில் குறைந்த வேகச் சிப் முந்திக்கொண்டது. கணினி வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் விளையாடப் போவது படம் வரையும் விளையாட்டா, உலகத்தைக் கணக்கிடும் விளையாட்டா என்று முதலில் பாருங்கள். பிறகு பெற்றோரின் பணத்தைச் செலவிடுங்கள்.

மென்பொருள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஆர்மா 3 2017-இல் 64 பிட்டுக்கு மாறி, 4 கிகாபைட் நினைவக வரம்பிலிருந்து விடுபட்டது. எதிரி வீரர்களின் சிந்தனையை மட்டும் தனிக் கணினிக்கு மாற்றிவிடும் 'ஹெட்லெஸ் கிளையன்ட்' என்ற ஏற்பாடு வந்தது. அந்தக் கணினிக்குத் திரைகூட வேண்டாம். டி.சி.எஸ். 2023-இல் பல கோர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. பொஹீமியா நிறுவனம் புதிய எஞ்சின் எழுதி, 2022-இல் ஆர்மா ரிஃபார்ஜரை வெளியிட்டது. சிம்நெட் பல கணினிகளுக்குப் போரைப் பங்கிட்ட அதே வழியில் இவர்களும் நடக்கிறார்கள்.

படத்தை நம்பியதன் விலை

இதுவரை விளையாட்டைப் பற்றிப் பேசினேன். இனிச் சொல்வது விளையாடாதவர்களுக்கும் வேண்டியது.

2011-இல் பிரிட்டனின் ஐ.டி.வி. தொலைக்காட்சி, ஐரிஷ் ஆயுதக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றில் ஆர்மா 2 விளையாட்டின் காட்சியை உண்மைப் பதிவு என்று காட்டியது. ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் மறு ஆண்டு அதைக் கண்டித்தது. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிர் பள்ளத்தாக்கில் சண்டை நடந்தபோது, இந்தியச் செய்திச் சேனல்கள் சில ஆர்மா 3 காட்சியைப் பாகிஸ்தான் விமானத் தாக்குதல் என்று ஒளிபரப்பின. உக்ரைன் போரிலும் இதே கதை. கடைசியில் 2022 நவம்பரில் பொஹீமியா நிறுவனமே மக்களுக்கு அடையாளங்களைச் சொல்ல வேண்டியதாயிற்று: காட்சி மங்கலாக இருக்கும், கேமரா மிகுதியாக ஆடும், பெரும்பாலும் இரவாக இருக்கும், ஒலி இருக்காது, நடமாடும் மனிதர்கள் தெரிய மாட்டார்கள்.

அந்தக் கடைசி அடையாளத்தில் நில்லுங்கள். விமானத்தையும் ஏவுகணையையும் கணினி உண்மைபோலச் செய்துவிடுகிறது. மனிதர் நடமாடினால் பொய் வெளிப்பட்டுவிடுகிறது. எதற்குக் கணக்குச் செலவிட்டார்கள், எதை விட்டார்கள் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. கைப்பேசியில் போர்க் காட்சி ஒன்று வரும்போது பகிர்வதற்கு முன் அதில் நடமாடும் மனிதர்களைத் தேடுங்கள்.

விட்டுப்போனவர்கள்

போரில் துப்பாக்கி ஏந்தியவர்களைவிட ஏந்தாதவர்கள்தான் அதிகம் இருக்கிறார்கள். போர் விளையாட்டுகளில் அவர்களைப் பெரும்பாலும் காண முடியாது. ஊர் இருக்கும், வீடு இருக்கும், அடுப்படி இருக்கும். குடியிருப்பவர் இருக்க மாட்டார். கணினிக்குச் சக்தி போதவில்லை என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. ஒரு தோட்டாவுக்குப் பூமியின் சுழற்சியைக் கணக்கிடுகிற இடத்தில் அந்தச் சமாதானம் செல்லாது.

இதை மாற்ற முடியும் என்று காட்டிய முயற்சியும் ஆர்மாவிலிருந்தே வந்தது. 2017 செப்டம்பரில், செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவோடு சேர்ந்து 'லாஸ் ஆஃப் வார்' என்ற சேர்க்கையை வெளியிட்டார்கள். அதில் முதன்மைப் பாத்திரம் படைவீரர் அல்லர். போர் முடிந்த கிராமத்தில் கண்ணிவெடி அகற்றும் நிவாரணப் பணியாளர். அதே வீடு, அதே தெரு. போருக்கு முன், போரின்போது, போருக்குப் பின் என்று மாறி மாறிப் பார்க்கிறீர்கள். கொத்துக்குண்டில் வெடிக்காமல் கிடப்பது யாருக்காகக் காத்திருக்கிறது என்று புரிகிறது. அந்த ஆண்டு அதன் விற்பனையில் கிடைத்த வருவாயில் பாதியைச் செஞ்சிலுவைக் குழுவுக்கே கொடுத்தார்கள். வன்னி மண்ணில் போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை தொடர்ந்ததை அறிந்த நமக்கு, இந்தக் கதையின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதற்குப் புது எஞ்சின் தேவைப்படவில்லை, புதுக் கார்டும் தேவைப்படவில்லை. 2013-இல் வந்த அதே விளையாட்டு, அதே கணக்கு. யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற முடிவு மட்டும் மாறியது.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை சிமுலேஷன் எழுதுவீர்கள். அது போராக இருக்க வேண்டியதில்லை. வெள்ளம் எந்தத் தெருவில் ஏறும் என்று கணக்கிடுவீர்கள்; பேருந்து நிலையத்தில் நெரிசல் எப்படி உருவாகும் என்று கணக்கிடுவீர்கள்; மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று கணக்கிடுவீர்கள். அங்கேயும் கணினி போதாது. ஏதோ ஒன்றை விட வேண்டியிருக்கும். விட்டதை எழுதி வையுங்கள். ஏன் விட்டோம் என்று உங்கள் முடிவை நம்பி வாழப்போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இன்னும் வேகமான சிப் வரும். அது உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரும் மில்லிநொடியை இன்னும் பளபளப்பான படத்துக்குக் கொடுப்பதா, இதுவரை விட்டுப்போன மனிதருக்குக் கொடுப்பதா என்று சிப் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.